ஐந்தாவது ஏன்

பதினாறு தோள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குப் பொன்னியம்மன் கோயிலை விட்டுக் கிளம்பியாக வேண்டும். வியாழக்கிழமை காலைவரை தசரதனுக்குச் சேர்ந்தது ஐந்து தோள். அதில் மூன்று ஐம்பதைத் தாண்டியவை. அந்த மூன்றில் ஒன்று தசரதனுடையதே.

பொன்னியம்மன் சக்கரத்தில் ஏறாதவள். பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊர் அலுக்காமல் சொல்லிக்கொள்ளும் பெருமை அது ஒன்றுதான். சுற்றுவட்டாரத்தில் மற்ற அம்மன்களெல்லாம் டிராக்டரில் ஏறிப் பத்து வருஷமாகிறது. சீரியல் பல்பு மாட்டிக்கொண்டு, பின்னால் ஜெனரேட்டர் கடகடக்க, சாமி ஊர்வலமா கல்யாண ஊர்வலமா என்று தெரியாமல் போகும். இந்த ஊர்க்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "எங்க அம்மன் தோள்லதான் வருவா" என்பார்கள். நிலத்தையெல்லாம் தொழிற்பேட்டைக்குக் கொடுத்து, வயல் இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர் எழும்பி, வீட்டுக்கு வீடு மாடியில் வாடகை அறை கட்டிவிட்ட பிறகும் அந்தப் பேச்சு மட்டும் குறையவில்லை. ஊரில் அறுபத்திரண்டு தலைக்கட்டு. ஆடி கடைசி ஞாயிறு, வீட்டுக்கு ஓர் ஆண் வந்து தோள் கொடுக்க வேண்டும் என்பது கட்டுப்பாடு.

தசரதன் அந்தக் கோயிலுக்குத் தர்மகர்த்தா ஆகி மூன்று வருஷம். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி சூப்பர்வைசர் ஆகிப் பதினெட்டு வருஷம். இரண்டு வேலையையும் மனிதர் ஒரே மாதிரிதான் பார்ப்பார்.

கம்பெனியில் அவருக்கு 'ஏன் சார்' என்று பட்டப்பெயர். ஒரு பாகம் கோணலாக வந்தால் அவர் ஆளைத் திட்டமாட்டார். வெள்ளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி ஏன் கோணல் என்று கேட்பார். பதில் வந்தால் அதற்கும் ஒரு ஏன். இப்படி ஐந்து முறை. ஐந்தாவது ஏனுக்கு வரும் பதில்தான் மூலகாரணம், அதற்கு முன்னால் வருவதெல்லாம் சாக்கு என்பது கம்பெனியில் சொல்லிக்கொடுத்த பாடம். தசரதன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டவர். கூடவே சொந்தமாக ஒரு விதியும் வைத்திருந்தார். மெஷினுக்கு முன்னால் நிற்கிறவனைக் கேட்காமல் பலகையில் ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது. ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு காரணம் எழுதும் இன்ஜினீயர்களை அவருக்குக் கண்டாலே ஆகாது.

அப்பேர்ப்பட்டவர், வியாழக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்னால், காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் தன்னந்தனியாக எழுதிக்கொண்டிருந்தார். பசங்க ஏன் வரவில்லை? ஷிப்ட். ராத்திரி ஊர்வலத்தைத்தான் ஞாயிறு சாயங்காலத்துக்கு மாற்றியாயிற்றே, பிறகும் ஏன்? செல்போன். சரி, அந்த செல்போனிலேயே வாட்ஸ்அப் குழு போட்டு, கம்பெனி மாதிரியே ஏ ஷிப்ட், பி ஷிப்ட் என்று தூக்குகிறவர்களைப் பிரித்து, எல்லாருக்கும் முதுகில் அம்மன் பெயர் அச்சடித்த டீ-ஷர்ட்டும் வாங்கியாயிற்றே, பிறகும் ஏன்? பக்தி இல்லை. ஏன் பக்தி இல்லை? வளர்ப்பு சரியில்லை.

நான்கு ஏன் முடிந்திருந்தது. அவருடைய மனைவி செங்கமலம் டிபன் பாக்ஸை மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

"இன்னா எழுதினு கீற?"

"பசங்க ஏன் வரலன்னு பாக்கறேன்."

"யாரக் கேட்டு எழுதற?"

"இதுக்கு யாரக் கேக்கணும்? தெரிஞ்சதுதான."

"வளர்ப்பு சரியில்லன்னு எழுதி வச்சிகீறயே, அது என்னிய சொல்றியா, உன்னிய சொல்றியா?" என்றாள் செங்கமலம். "உள்ள உன் புள்ள எய்ந்து பல்லு வெளக்கினு கீறான். அவன மொதல்ல கேளு."

சிவசங்கருக்கு இருபத்து நான்கு வயது. இருங்காட்டுக்கோட்டையில் கார் பிளான்டில் அசெம்பிளி லைன். தோள் என்றால் அப்படி ஒரு தோள். அந்தத் தோள் ஒரு வருஷமாகக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. தோள் எங்கே மிதிக்கும் என்று கேட்காதீர்கள். தசரதன் அப்படித்தான் நினைத்தார், அவருக்கு அப்போது மகன் முழு மனிதனாகத் தெரியவில்லை, பதினாறில் ஒன்றாகத்தான் தெரிந்தான்.

"ஞாயித்துக்கெழம நீ அம்மனத் தூக்கற முன்மரத்துல நிக்கற" என்றார்.

"எனக்கு ஓவர்டைம் கீது."

"வேணாம்னு சொல்லிடு."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"வுடுப்பா."

"நாத்திகம் பேசற பசங்களோட சேந்துட்டியா? சாமி இல்லன்றியா?"

சிவசங்கர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நிமிர்ந்தான். "அம்மனோட எனக்கு ஒரு தகராறும் இல்ல. உங்களோடதான்" என்றான். என்ன தகராறு என்று கேட்டிருக்கலாம். ஏன் சார் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பின்னாலேயே சிவசங்கரின் பைக் அவரைத் தாண்டிப் போனது. கோயிலுக்கு நேராக வந்ததும் வண்டியின் வேகம் குறைந்ததையும், அவன் வலதுகை ஒரு நொடி நெஞ்சைத் தொட்டுவிட்டு ஹாண்டிலுக்குத் திரும்பியதையும் அவர் பார்த்தார். பக்தி இல்லை என்று காலண்டர் தாளில் எழுதியது ஞாபகம் வந்தது. எரிச்சலாக இருந்தது. இப்படித் தாண்டிப் போகிறவன் இறங்கி உள்ளே வந்தால் குடியா முழுகிவிடும்?

என்ன தகராறு என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தசரதனுக்கும் தெரியும். ஆனால் அது முடிந்துபோன விஷயம் என்பது அவர் எண்ணம். கோளாறு வந்தது, சரி செய்தாயிற்று, பைலை மூடியாயிற்று.

நடந்தது இதுதான். சுடலை என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் தசரதன் வீட்டு மாடியில் இரண்டு வருஷம் குடியிருந்தான். சிவசங்கரோடு அதே லைனில் வேலை. செங்கமலத்தை அம்மா என்றும் தசரதனை அப்பா என்றும் கூப்பிடுவான். கறிக்குழம்பு வைத்தால் மாடிக்கு ஒரு கிண்ணம் போகும், அவன் ஊருக்குப் போய் வந்தால் கீழே ஒரு பொட்டலம் கருப்பட்டி வரும். போன வருஷத் திருவிழாவில் மோர் ஊற்ற ஆள் வேண்டும் என்று சிவசங்கர்தான் அவனையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டான். ஊர்வலம் ஏரிக்கரை வளைவில் திரும்பும்போது, நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்த பாபு முழங்கால் மடங்கி விழுந்தான். தூக்குமரம் ஒரு பக்கம் இறங்கியது. அம்மன் சரிந்தாள். பெண்கள் வீறிட்டார்கள். மோர்ச் சொம்பைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து அந்த மரத்துக்கு அடியில் தோளைக் கொடுத்தவன் சுடலை. கோயில்வரை அவன் இறக்கவில்லை. பழக்கமில்லாத தோள், தோல் உரிந்து சட்டையில் ரத்தம் ஊறியிருந்தது. செங்கமலம்தான் மஞ்சள் வைத்தாள்.

ஊரே அவனைத் தட்டிக்கொடுத்தது. முன்னாள் தர்மகர்த்தா தணிகாசலமும் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுத்த கையோடு, "தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார். சுடலை ஒளிக்கவில்லை, சொன்னான். தணிகாசலத்தின் கை அவன் தோளிலிருந்து தானாக இறங்கியது.

மறுநாள் காலை தண்ணீர் லாரி வந்தது. அம்மனைக் கழுவினார்கள். தூக்குமரத்தைக் கழுவினார்கள். அவன் நின்ற படியைக் கழுவினார்கள். தணிகாசலம் சொன்னார், தசரதன் குழாயைப் பிடித்தார். முதல்நாளே வாட்ஸ்அப்பில் அறிவிப்பும் அவர்தான் போட்டார். 'திருவிழாவில் தவறு ஒன்று நேர்ந்துவிட்டபடியால் நாளை காலை ஆறு மணிக்குப் பரிகாரம் நடைபெறும்.' பெயர் போடவில்லை. நாசூக்காக எழுதிவிட்டதாக அவருக்குத் திருப்தி. அந்தக் குழுவில் சுடலையும் இருக்கிறான் என்பது அவருக்கு நினைப்பே வரவில்லை.

சுடலை சண்டை போடவில்லை. அந்த மாதக் கடைசியில் சாவியைச் செங்கமலத்திடம் கொடுத்துவிட்டு, கம்பெனிக்குப் பக்கத்திலேயே ரூம் கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் போனான். தசரதன் அதை அப்படியே நம்பினார். நம்புவது சௌகரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீடு வீடாகப் போனார். ஒருவனுக்கு ஷிப்ட் மாறிவிட்டதாம். ஒருவனுக்கு நண்பன் கல்யாணமாம். ஒருவன் வீட்டுக்குள் இருந்துகொண்டே அம்மாவை விட்டு இல்லை என்று சொல்லச் சொன்னான், அவன் செருப்பு வாசலில் கிடந்தது. கடைசியாகப் பாபு வீடு. பாபு தசரதனுக்கு மச்சான் மகன், அவனாவது வருவான் என்று நம்பிப் போனார்.

"நான் வரல மாமா" என்றான் பாபு, நேராகவே.

"ஏன்டா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாதான் கீது. போன வருசம் நான் வுழுந்தப்ப எல்லாரும் அம்மனத்தான் பாத்தீங்க. தப்பு இல்ல. ஆனா அவன் ஒருத்தன்தான் என் இடத்துல வந்து நின்னான். இறக்கி வச்சிட்டு என்னிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனதும் அவன்தான். நீங்க மறுநா அந்த மரத்தக் கழுவுனீங்க. அது என் இடம் மாமா. நான் எந்த மூஞ்சிய வச்சினு மறுபடி அதுல தோள வைக்கறது?"

தசரதன் "அதெல்லாம் சாஸ்திரம்டா, ஒனக்குத் தெரியாது" என்று முனகிவிட்டு வெளியே வந்தார். தெருவிளக்கின் கீழ் நின்று காலண்டர் தாளை எடுத்தார். பாபு பெயருக்கு நேரே 'முதுகு வலி' என்று எழுதினார். பதினெட்டு வருஷத்தில் அவர் பொய்யாக எழுதிய முதல் ரிப்போர்ட் அதுதான்.

சனிக்கிழமை தோள் ஏழாகியிருந்தது. கோயில் மண்டபத்தில் தணிகாசலம் வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கவலைப்பட்டவராகத் தெரியவில்லை.

"மாடி மாடியா தெக்கத்திப் பசங்க குடியிருக்கறானுங்களே. நல்லா கட்டுமஸ்தா கீறானுங்க. அவனுங்களக் கூப்டு" என்றார்.

"அவங்க யாரு இன்னான்னு..."

"கேக்காத. இந்த வாட்டி எவனையும் தெரு கேக்க வேணாம். தெரிஞ்சாத்தான வம்பு? அவனுங்க பாட்டுக்கு வந்து தூக்கிட்டுப் போட்டும்."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா? தண்ணி லாரிக்கு இப்பவே சொல்லி வச்சிடு. மறுநா காலைல பொதுவா ஊத்திட்டா தீந்துது. எவனுக்குன்னு தெரியவா போவுது?"

தசரதனுக்கு எங்கோ சுருக்கென்றது. ஆனால் மனிதர் காரியவாதி. ஒன்பது தோள் குறைகிறது, நாள் ஒன்றுதான் இருக்கிறது. தன் காலத்தில் அம்மன் சக்கரம் ஏறினாள் என்ற பேச்சு வரக் கூடாது. அங்கேயே நின்று லாரிக்காரனுக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை காலை ஆறு மணி, ஒரு லோடு, கோயில் வாசல்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வேலையாகத் தன் வீட்டு மாடிக்கே போனார். சுடலை இருந்த அறையில் இப்போது நம்பிராஜன் என்ற பையன், அவனும் அந்தப் பக்கம்தான். விஷயத்தைச் சொன்னதும் நம்பிராஜன் தலையைச் சொறிந்தான்.

"சாமிக்குன்னா வராமலா சார்? சுடலையண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க. அண்ணன் வந்தா நாங்க பத்து, பன்னெண்டு பேரு வாரோம்."

பக்கத்து வீட்டு மாடியிலும் அதே பதில். அதற்கடுத்த மாடியிலும் அதேதான். ஒரு வருஷமாக அந்தப் பையன்கள் ஒருவருக்கொருவர் பேசி வைத்திருக்கிறார்கள், கீழே குடியிருந்த தனக்கு ஒன்றும் காதில் விழவில்லை என்பது தசரதனுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தது என்றால், கோபம்தான் வந்தது. நேற்று வந்த வாடகைப் பையனிடம் போய்த் தர்மகர்த்தா கைகட்டி நிற்பதா? ஆனாலும் பன்னிரண்டு தோள். டீ-ஷர்ட் பையை ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டையில் சுடலை அறைக்கு வண்டியை விட்டார்.

மூன்றாவது மாடி. அறை வாசலில் ஏழெட்டு ஜோடி செருப்பு. உள்ளே கேரம் காய் மோதும் சத்தமும் சிரிப்பும் கேட்டன. கதவைத் தள்ளினார். போர்டுக்கு ஒரு பக்கம் சுடலை உட்கார்ந்திருந்தான். எதிர்ப்பக்கம், ஓவர்டைமுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய சிவசங்கர்.

சிவசங்கர் எழுந்திருக்கவில்லை. சுடலைதான் எழுந்தான். துணி கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காலி செய்து இழுத்துப் போட்டான்.

"வாங்க சார். உக்காருங்க."

சார். தசரதன் அதைக் கவனிக்காதவர் மாதிரி உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு டீ-ஷர்ட்டை எடுத்து நீட்டினார். தூக்க ஆள் குறைகிறது, நான்கு மணிக்கு அம்மன் கிளம்ப வேண்டும், நீ வந்தால் மற்றப் பசங்களும் வருவார்கள் என்று தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார்.

சுடலை டீ-ஷர்ட்டைப் பிரித்து முதுகில் இருந்த எழுத்தைப் படித்தான். மறுபடியும் நான்காக மடித்தான்.

"தூக்குததுக்கு எனக்கு ஒண்ணுமில்ல சார். எங்கூர்க் கோயில் கொடையிலயும் தூக்கியிருக்கேன். ஒண்ணே ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. மறுநாள் கழுவுவீங்களா?"

 மாட்டேன் என்ற ஒரு சொல் போதும். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான்கு மணிக்கு அம்மன் கம்பீரமாகத் தோளில் கிளம்பியிருப்பாள். ஆனால் எதிரில் நின்றவன் இரண்டு வருஷம் அவரை அப்பா என்று கூப்பிட்டவன். அவன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லும்போதாவது மனிதர் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்கலாம், அதுவும் இல்லை.

"தண்ணி லாரிக்குச் சொல்லியாச்சுப்பா" என்றார்.

யாரோ ஒருவன் 'ப்ச்' என்றான். சிவசங்கர் சிரித்தான். 

"ஏம்ப்பா சொன்ன?"

"தணிகாசலம் சொன்னாரு."

"அவரு சொன்னா நீ ஏன் கேக்கணும்?"

"ஊர்க் கட்டுப்பாடுடா."

"ஊர் எங்க கீது? தோளுக்கு ஏழு பேரு. அந்த ஏழு பேருக்காக ஏன் பயப்படற?"

"பயம் இல்ல. வழக்கம். வழக்கத்த நான் ஒருத்தன் எப்பிடி மாத்தறது?"

"ராத்திரி ஊர்வலத்த சாயங்காலத்துக்கு மாத்துன. அம்மனத் தூக்க ஷிப்ட் போட்ட. அதெல்லாம் நீ ஒருத்தன்தான மாத்துன? இத மட்டும் ஏன் மாத்தல?" சிவசங்கரின் குரல் உடைந்தது. "அவன் தோள்ல ரத்தம் வந்துது, அம்மா மஞ்சள் வச்சிது. நீ பாத்துக்கினுதான் இருந்த. மறுநா நீதான் குழாயப் புடிச்ச. தணிகாசலம் தாத்தா புடிக்கல, நீ புடிச்ச. ஒனக்கு அது சரின்னு பட்டுதா? படலன்னா ஏன்பா புடிச்ச?"

எத்தனை ஏன் ஆயிற்று என்று தசரதனுக்கு எண்ணத் தெரியும். கம்பெனிப் பலகைக்கு முன்னால் எத்தனையோ பையன்களை இப்படி நிறுத்தி, அவர்கள் கழுத்து வியர்ப்பதைப் பார்த்தவர். இப்போது அவர் கழுத்து வியர்த்தது.

"சரி, அது போட்டும்" என்றான் சிவசங்கர், கொஞ்சம் இறங்கி. "இப்பகூட ஒண்ணும் கெட்டுப்போவல. போன எடு. லாரி வேணாம்னு சொல்லு. இங்கயே, எங்க எதிர்ல. நானு, பாபு, இவன், மாடிப் பசங்க, பதினாறு பேரும் இப்பவே வரோம். அம்மனத் தோள்லயே வச்சினு ஊர் சுத்தறோம். நான் முன்மரத்துல நிக்கறேன்ப்பா."

மகன் அப்பா என்று கெஞ்சி ஒரு வருஷம் ஆகியிருந்தது. தசரதனின் கை சட்டைப்பைக்குப் போனது. போன் விரலில் தட்டுப்பட்டது. அடுத்த நொடி தணிகாசலத்தின் முகம் வந்தது, மண்டபத்தில் கூட்டம் கூட்டிக் கேள்வி கேட்பார்கள் என்பது வந்தது, தர்மகர்த்தா பட்டம் வந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது.

"தணிகாசலத்த ஒரு வார்த்த கேட்டுனு சொல்றேன்" என்றார்.

சிவசங்கர் ஸ்ட்ரைக்கரை எடுத்துக் கோட்டில் வைத்தான். "யார் ஆட்டம்?" என்று கேட்டான். சுடலை மடித்த டீ-ஷர்ட்டைத் தசரதன் பைக்குள் பத்திரமாக வைத்து, படிவரை வந்து வழியனுப்பினான். "பாத்துப் போங்க சார். சர்வீஸ் ரோட்டுல கண்டெய்னர் வருது." ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

நான்கு மணிக்கு ஏழு பேர் தூக்கிப் பார்த்தார்கள். முன்பக்கம் எழும்பியது, பின்பக்கம் எழும்பவில்லை. மாலை சரிந்து அம்மன் முகத்தை மறைத்தது. இன்னொரு முறை முயன்றதில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பெண்கள் கூழ்ப்பானையோடு வெயிலில் நின்றார்கள். நல்ல நேரம் போகிறது என்று பூசாரி பதறினார். அன்னதானத்துக்குத் தண்ணீர் கேன் இறக்க வந்த மினி லாரி ஒன்று வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. யார் முதலில் அதைப் பார்த்தார்கள் என்று பிறகு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கால் மணி நேரத்தில் கேன்களை இறக்கி, பலகை போட்டு, மஞ்சள் துணி விரித்து, அம்மனை ஏற்றியாயிற்று. சக்கரத்தில் ஏறாத அம்மன் ஏறிவிட்டாள்.

டிரைவர் இருபது வயதுப் பையன். அரை டிராயரோடு வந்திருந்தான். வண்டியில் சாமி ஏறுகிறது என்றதும் யாரிடமோ துண்டு வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவனே சூடம் ஏற்றினான். அம்மனின் சரிந்த மாலையை அவன்தான் கையால் நேராக்கினான். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். அவன் எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

தசரதன் தணிகாசலத்தை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அந்த டிரைவரு எந்தத் தெருன்னு கேட்டீங்களா?"

"அவன எதுக்குக் கேக்கணும்? அவனா தூக்கறான்? வண்டிதான தூக்குது" என்றார் தணிகாசலம், வெகு நிதானமாக. "தோள் பட்டாத்தான தோசம்."

தசரதனுக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கிழவரைப் பிடித்து உலுக்கியிருப்பார். இந்த ஆளைக் கேட்டுக்கொண்டு சொல்கிறேன் என்று மூன்று மணி நேரத்துக்கு முன்னால் சுடலையின் அறையில் சொல்லிவிட்டு வந்தோமே என்று நினைத்ததும், கோபம் போகும் இடம் தெரியாமல் அவர்மேலேயே திரும்பியது. இந்த ஆளையா? இதற்காகவா? மேளம் கிளம்பியது. மினி லாரியின் புகையை முகத்தில் வாங்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தார்.

பக்கத்து ஊர் டீக்கடையில் சிரித்தார்கள். வாடகை மாடிகளில் பையன்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள், யாரும் இறங்கி வரவில்லை. ஏரிக்கரை வளைவில் ஒரு பைக் நின்றிருந்தது. சிவசங்கர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அம்மன் எதிரே வந்தபோது கண்ணை மூடி, கையை நெஞ்சில் வைத்து, உதடு அசைய எதையோ சொல்லிக்கொண்டான். தசரதன் அவனை நோக்கி இரண்டு எட்டு வேகமாக வைத்தார். கண்ணைத் திறந்தவன் அவரைப் பார்த்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பினான்.

"சங்கரு!" என்று கூப்பிட்டார். மேளச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று வைத்துக்கொள்வோம்.

அன்றைக்கு அவன் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவுக்கு மட்டும் மெசேஜ் வந்தது. சுடலை அறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறதாம், கம்பெனிக்குப் பக்கமாம். செங்கமலம் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். 

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சொன்னபடி தண்ணீர் லாரி வந்தது. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கோயில் வாசலில் தசரதன் மட்டும் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பதினாறு டீ-ஷர்ட், சுடலை மடித்துக் கொடுத்த ஒன்றைத் தவிர மற்றவை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். தூக்குமரங்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன, போன வருஷம் கழுவி வைத்த மாதிரியே, ஒரு தோள்கூடச் சரியாகப் படாமல். மினி லாரி ராத்திரியே போய்விட்டது.

லாரிக்காரன் கீழே குதித்துக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான். போன வருஷம் வந்த அதே ஆள்தான். வாசலைப் பார்த்தான், மரங்களைப் பார்த்தான், தசரதனைப் பார்த்தான்.

"இன்னா சார், யாரையும் காணோம்? இந்த வாட்டி எதக் கழுவணும்?"

தசரதன் எழுந்தார். குழாய் முனையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எதைக் கழுவுவது என்று தெரியாமல் அதைப் பிடித்தபடியே நின்றார்.

"தொறக்கட்டுமா சார்?" என்று லாரிக்காரன் மறுபடியும் கேட்டான்.